கட்டாயம் இல்லை: ஆங்கிலம் அதை எப்படிச் சொல்கிறது?

இங்கிலாந்தில் ஒருவரைக் கைது செய்யும் காவலர், விசாரணை தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். அதன் முதல் வாக்கியம், 'யூ டூ நாட் ஹேவ் டு சே எனிதிங்.' நீங்கள் எதையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்று பொருள். 1964இல் திருத்தப்பட்ட நீதிபதிகள் விதிகளில் இதே எச்சரிக்கை 'நாட் ஆப்ளைஜ்ட்' என்ற சொற்களோடு இருந்தது. இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164(2) பிரிவு, ஒப்புதல் வாக்குமூலம் பதிவுசெய்யும் மாஜிஸ்திரேட் அதற்கு முன் என்ன விளக்க வேண்டும் என்று வகுத்தது. வாக்குமூலம் கொடுக்க வந்தவர் அதற்கு 'நாட் பவுண்ட்', அதாவது கட்டுப்பட்டவர் அல்ல என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மூன்று வாசகங்களும் வேறுவேறு சொற்களில் ஒரே உரிமையைச் சொல்கின்றன.

இந்த எச்சரிக்கையில் 'டூ நாட் ஹேவ் டு' இருக்கும் இடத்தில் 'மஸ்ட் நாட்' என்று ஒருவர் எழுதிவிட்டால் என்ன ஆகும்? 'நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது' என்று ஆகிவிடும். பேசுவதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை போய், வாய்ப்பூட்டு வந்துவிடும். பள்ளியில் 'மஸ்ட்' என்றால் 'வேண்டும்', 'நாட்' என்றால் 'இல்லை' என்று படித்துவிட்டு இரண்டையும் கூட்டிப் பார்க்கும் தமிழ் மாணவருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை. இது கவனக்குறைவால் வரும் தவறு அல்ல. ஆங்கிலத்தின் வரலாறு ஒரு பக்கம், நம் பாடமுறை இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்துதான் இந்தக் குழப்பத்தை உண்டாக்குகின்றன.

முதலில் தர்க்கத்தைப் பார்த்துவிடலாம். 'போக வேண்டும்' என்பதை இரண்டு இடங்களில் மறுக்க முடியும். கட்டாயத்தையே மறுத்தால், போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி என்று ஆகும். செயலை மறுத்தால், போகாமல் இருப்பதே கட்டாயம் என்று ஆகும். ஃபின்லாந்துத் தத்துவ அறிஞர் ஜார்ஜ் ஹென்ரிக் வான் ரைட் 1951இல் 'மைண்ட்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, கடமை பற்றிய தர்க்கம் தனித் துறையாகவே வளர்ந்தது. அந்தத் துறையின் அடிப்படைச் சமன்பாடுகளில் ஒன்று இது: ஒரு செயல் கட்டாயம் இல்லை என்பதும், அதைச் செய்யாமல் இருக்க அனுமதி உண்டு என்பதும் ஒன்றே. ஆகவே கட்டாயமின்மையைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையில் ஓர் அனுமதி வாக்கியம். 'மஸ்ட் நாட்' தடை வாக்கியம். அனுமதியையும் தடையையும் மாற்றிப் பேசினால் விளைவு என்ன என்பதைப் பேசியவரைவிடக் கேட்டவரே அதிகம் அனுபவிப்பார்.

ஆங்கிலத்தில் 'மஸ்ட்' ஏன் இப்படி நடந்துகொள்கிறது? அதன் மூலம் பழைய ஆங்கிலத்தின் 'மோட்டன்' என்ற வினை. அதற்கு அன்று முதன்மையாக இருந்த பொருள் கட்டாயம் அல்ல, அனுமதி: செய்யலாம், செய்ய விடப்பட்டிருக்கிறது. 'மோஸ்ட்டெ' அதன் இறந்தகால வடிவம். நடு ஆங்கிலக் காலத்தில் இந்த இறந்தகால வடிவமே நிகழ்காலத்துக்கு வந்து, கட்டாயப் பொருளை ஏற்றது. இன்றைய 'மஸ்ட்' அதன் வாரிசு. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. தானே இறந்தகால வடிவமாக இருந்த சொல்லுக்கு இன்று தனி இறந்தகாலம் இல்லை. 'போகவேண்டி இருந்தது' என்று சொல்ல 'ஹேட் டு'வைத்தான் கடன் வாங்க வேண்டும். இன்னொன்று, அனுமதிச் சொல்லை மறுத்தால் தடைதான் வரும். 'மஸ்ட் நாட்' இன்றும் தடையாகவே நிற்பதில் அந்தப் பழைய பொருளின் தடத்தைப் பார்க்கலாம்.

உறவு மொழியான ஜெர்மனில் நிலைமை வேறு. அங்கே 'மஸ்ட்'டின் உடன்பிறப்பான 'மியுஸன்' என்ற வினையை மறுத்து 'டு முஸ்ட் நிஷ்ட்' என்றால், 'நீ செய்ய வேண்டியதில்லை' என்றுதான் பொருள். தடைக்கு அவர்களிடம் 'டுர்ஃபன்' என்ற அனுமதி வினையின் எதிர்மறை இருக்கிறது. ஜெர்மானியர் ஆங்கிலம் கற்கும்போது நம்மைப்போலவே இந்த இடத்தில் வழுக்குவதற்கு இதுவே காரணம். பிரெஞ்சில் 'இல் ஃபோ' என்றால் 'வேண்டும்'. அதை மறுத்து 'இல் ந ஃபோ பா' என்றால் வழக்கில் 'கூடாது' என்று பொருள். மறுப்பு எந்த இடத்தில் போய் உட்காரும் என்பதை ஒவ்வொரு மொழியும் தன் வழக்கப்படி முடிவு செய்திருக்கிறது. அதைத் தர்க்கத்தால் ஊகிக்க முடியாது, கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அண்மைக்கால மொழியியல் இந்த நடத்தைக்கு நல்லதொரு விளக்கம் தந்திருக்கிறது. சபீன் இயாட்ரிடூ, ஹெடே ஸைல்ஸ்ட்ரா இருவரும் 2013இல் 'லிங்குவிஸ்டிக் இன்க்வயரி' இதழில் வெளியிட்ட ஆய்வில், கட்டாயச் சொற்களை எதிர்மறையோடு அவை வைத்துக்கொள்ளும் உறவைக் கொண்டு பிரித்தார்கள். 'மஸ்ட்' எதிர்மறையின் ஆளுகைக்குள் வர மறுக்கும் சொல். அதனால் மறுப்பு அதைத் தாண்டிச் செயலின்மேல் விழுகிறது. 'நீட்' அதற்கு நேரெதிர்: துணைவினையாக வரும்போது எதிர்மறையோ கேள்வியோ இல்லாமல் அது வாழாது. 'ஹேவ் டு' இரண்டுக்கும் நடுவில், எதிர்மறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இயல்பாக வரும். எதிர்மறை வந்தால் அடங்கி நிற்கும். என் பார்வையில், பள்ளி இலக்கணங்கள் பல பக்கங்களில் விதிவிலக்குகளாக அடுக்குவதை இந்த ஒரு பாகுபாடு விளக்கிவிடுகிறது.

'நீட்' கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய சொல், ஏனென்றால் அதற்கு இரண்டு வாழ்க்கை. ஒன்றில் அது சாதாரண வினை: 'ஹி நீட்ஸ் டு கோ', 'ஹி டஸ் நாட் நீட் டு கோ'. அங்கே ஒருமைக்கு 'ஸ்' உண்டு, பின்னால் 'டு' உண்டு, எதிர்மறைக்கு 'டூ' துணை உண்டு. மற்றொன்றில் அது துணைவினை: 'ஹி நீட் நாட் கோ'. அங்கே 'ஸ்' இல்லை, 'டு' இல்லை, 'டூ'வும் இல்லை. நம் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி தென்படும் 'யூ நீட் நாட் டு கம்' என்ற தொடர் இந்த இரண்டு வாழ்க்கையையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகிறது. 'நீட் நாட் கம்' என்று எழுதலாம், 'டோன்ட் நீட் டு கம்' என்று எழுதலாம். இரண்டையும் சேர்த்து எழுத முடியாது. 'ஹி நீட்ஸ் நாட் கம்' என்பதும் அப்படியே. துணைவினையான 'நீட்' வெளிப்படையான 'நாட்' இல்லாமலும் வரும். 'நோ ஒன் நீட் நோ' (யாருக்கும் தெரியவேண்டியதில்லை), 'ஐ ஹார்ட்லி நீட் சே' (நான் சொல்லவே தேவையில்லை) போன்ற வாக்கியங்களில் எதிர்மறை வேறு சொல்லில் ஒளிந்திருக்கிறது. ஆனால் 'யூ நீட் கோ' என்று உடன்பாட்டில் சொன்னால் ஆங்கிலக் காது ஏற்காது.

நிகழ்காலத்தில் 'நீட் நாட்', 'டோன்ட் நீட் டு', 'டோன்ட் ஹேவ் டு' என்று மூன்று வழிகள் இருக்கின்றன. இவற்றுக்குள் வேறுபாடு உண்டா? 1960இல் வெளிவந்து, பிரிட்டிஷ் ஆங்கிலம் கற்ற தலைமுறைகளுக்கு வழிகாட்டிய தாம்ஸன்–மார்ட்டினெட் இலக்கணம், உண்டு என்கிறது. பேசுபவர் தன் அதிகாரத்தால் விலக்கு அளித்தால் 'நீட் நாட்'. வெளியே உள்ள விதியோ சூழ்நிலையோ விலக்கு அளித்தால் 'டோன்ட் ஹேவ் டு'. 'நாளையிலிருந்து இந்த மாத்திரை எடுக்க வேண்டியதில்லை' என்று மருத்துவர் சொல்வது முதல் வகை. 'எங்கள் அலுவலகத்தில் சனிக்கிழமை போகவேண்டியதில்லை' என்பது இரண்டாம் வகை. பிரிட்டிஷ் எழுத்தில் இந்தப் பாகுபாடு ஓரளவு செல்லும். அமெரிக்கப் பேச்சில் 'நீட் நாட்' அரிது; 'டோன்ட் ஹேவ் டு' இரண்டு வேலையையும் பார்த்துக்கொள்கிறது. இந்த நுட்பத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இதை வைத்துத் தேர்வில் மதிப்பெண் குறைப்பது சரியல்ல என்பது என் எண்ணம்.

இந்த மூன்றில் எது நிலைக்கும் என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. 1961ஆம் ஆண்டில் அச்சான எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பு அமெரிக்க ஆங்கிலத்துக்கு ஒன்றும் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு ஒன்றும் உருவாக்கப்பட்டன. முப்பது ஆண்டு கழித்து, 1991, 1992ஆம் ஆண்டு எழுத்துகளைக் கொண்டு அதே அச்சில் இணைத் தொகுப்புகள் வந்தன. இவற்றை ஒப்பிட்ட ஜெஃப்ரி லீச், பழைய துணைவினைகள் பல சரிவதைக் காட்டினார். மிகக் கடுமையாகச் சரிந்தவற்றுள் துணைவினை 'நீட்'டும் ஒன்று, 'மஸ்ட்'டும் குறைந்தது. சாதாரண வினையான 'நீட் டு' அதே காலத்தில் ஏறுமுகம். புதிதாகக் கற்பவர் 'டோன்ட் ஹேவ் டு', 'டோன்ட் நீட் டு' இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் எங்கும் தடுமாறமாட்டார். 'நீட் நாட்'டைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

நம் சட்ட நூல்களைப் படிப்பவர்களுக்கு மட்டும் இது போதாது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 56ஆம் பிரிவும் 58ஆம் பிரிவும் தலைப்பிலேயே 'நீட் நாட் பி ப்ரூவ்ட்' என்று சொல்லின: நீதிமன்றம் தானாகவே கவனத்தில் கொள்ளும் உண்மைகளையும், எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்ட உண்மைகளையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்கக் கூடாது என்று அதற்குப் பொருள் அல்ல. 58ஆம் பிரிவில், ஒப்புக்கொண்ட உண்மைக்கும் வேறு வகையில் நிரூபணம் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரப்பட்டிருந்தது. கட்டாயம் இல்லை என்பது கதவை அடைப்பது ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இணையத்தின் தொழில்நுட்ப விதிமுறைகளை எழுதுபவர்கள் 1997 மார்ச்சில் ஒரு சொற்பட்டியலை வகுத்துக்கொண்டார்கள். ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் அது. 'மஸ்ட் நாட்' என்றால் முழுத் தடை என்று அதில் வரையறுத்திருக்கிறது. 'நீட் நாட்' அந்தப் பட்டியலிலேயே இல்லை. கட்டாயமின்மையை 'மே', 'ஆப்ஷனல்' என்ற இரண்டு சொற்கள் சுமக்கின்றன. வான் ரைட் குறியீடுகளால் காட்டிய சமன்பாட்டைப் பொறியாளர்கள் தங்கள் தேவையிலிருந்தே வந்தடைந்துவிட்டார்கள். மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்களுக்கு இந்த வேறுபாடு இலக்கணப் பாடம் மட்டும் அல்ல, அன்றாட வேலை.

இறந்தகாலத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவையானது. இரண்டு சூழ்நிலைகளை நினைத்துப் பாருங்கள். மழை காரணமாக மறுநாள் அலுவலகத்துக்கு விடுமுறை என்று முதல் நாள் மாலையே அறிவிப்பு வந்துவிட்டது. நீங்கள் வீட்டில் இருந்துவிட்டீர்கள். இதை 'ஐ டிட்ன்ட் ஹேவ் டு கோ' அல்லது 'ஐ டிட்ன்ட் நீட் டு கோ' என்று சொல்வீர்கள். இன்னொரு நாள் அறிவிப்பு உங்கள் காதில் விழவில்லை. நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டியிருக்கிறது. இப்போது 'ஐ நீட் நாட் ஹேவ் கான்'. முதலாவதில் கட்டாயம் இல்லை, போகவும் இல்லை. இரண்டாவதில் கட்டாயம் இல்லை, ஆனால் போயாகிவிட்டது. அதாவது உழைப்பு வீண். 'நீட் நாட் ஹேவ்' என்ற தொடர் தன்னோடு எப்போதும் ஒரு நடந்துமுடிந்த செயலைக் கொண்டுவருகிறது.

அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'டிட்ன்ட் ஹேவ் டு' அந்த நேரத்தில் நிலவிய நிலையைச் சொல்கிறது. 'நீட் நாட் ஹேவ்' இப்போது திரும்பிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. கதவு பூட்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான் போயிருக்க வேண்டாம் என்பது உங்களுக்கே தெரிகிறது, கிளம்பும்போது தெரியாது. பின்னோக்கிய அந்தப் பார்வையே இந்தத் தொடருக்கு வருத்தத்தின் சாயலைத் தருகிறது.

ரென் அண்ட் மார்ட்டின் தொடங்கி இன்றைய வழிகாட்டி நூல்கள் வரை இந்த இணையைச் சுத்தமாகப் பிரித்துக் காட்டுகின்றன: 'டிட்ன்ட் நீட் டு' என்றால் செய்யவில்லை, 'நீட் நாட் ஹேவ்' என்றால் செய்தார். இதில் பாதிதான் உண்மை. 'நீட் நாட் ஹேவ்' பற்றிய பகுதி உறுதியானது. 'டிட்ன்ட் நீட் டு' பற்றிய பகுதி கேட்பவர் இயல்பாக ஊகித்துக்கொள்வது மட்டுமே. சொற்களின் பொருளில் அது இல்லை. 'ஐ டிட்ன்ட் நீட் டு குக், பட் ஐ டிட்' என்று சொன்னால் முரண்பாடு எதுவும் இல்லை: சமைக்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் சமைத்தேன். பேச்சில் 'நீட்' மேல் அழுத்தம் கொடுத்தால், செய்தார் என்ற பொருளே மேலே வந்துவிடும். 'நீட் நாட் ஹேவ்' அரிதாகிவிட்ட அமெரிக்க ஆங்கிலத்தில் வீணான உழைப்பையும் 'டிட்ன்ட் ஹேவ் டு'வே சுமக்கிறது. நடந்ததா இல்லையா என்பதைச் சூழலும் அழுத்தமும் சொல்லிவிடும். ஆகவே தனி வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, 'அவர் செய்தாரா இல்லையா?' என்று கேட்டு ஒரே விடையை எதிர்பார்க்கும் தேர்வுக் கேள்வி நியாயமற்றது.

இறந்தகாலத்தில் 'மஸ்ட் நாட்' தனியாக ஒரு பொறி வைத்திருக்கிறது. 'வந்திருக்கக் கூடாது' என்று நினைத்து 'ஹி மஸ்ட் நாட் ஹேவ் கம்' என்று நம்மவர் எழுதுவதுண்டு. அதற்குப் பொருள், 'அவர் வந்திருக்க மாட்டார்' என்ற ஊகம். கடமை அங்கே காணாமலே போய்விடுகிறது. கண்டிப்பதற்கு 'ஷுட் நாட் ஹேவ்' வேண்டும். தேவையற்றது என்பதற்கு 'நீட் நாட் ஹேவ்'. முன்னது குற்றம் காண்கிறது, பின்னது குற்றம் காணவில்லை. நண்பரின் அந்தரங்கக் கடிதத்தைப் பிரித்துப் படித்தவரிடம் 'ஷுட் நாட் ஹேவ்' என்று சொல்லலாம். ஊருக்குப் போகும்போது வழியனுப்ப ரயில் நிலையம் வரை வந்தவரிடம் 'யூ நீட் நாட் ஹேவ் கம்' என்று சொல்வது அன்பு. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து நிற்கும் விருந்தினரிடம் 'இதெல்லாம் எதுக்குங்க வாங்கிட்டு வந்தீங்க?' என்று நாம் கேட்பதும் இந்த வகைதான். ஆங்கிலேயர் அந்த இடத்தில் 'யூ ஷுட் நாட் ஹேவ்' என்று கண்டிப்பின் சொல்லையே உபசாரமாக்கிக்கொள்கிறார்கள்.

மற்றக் காலங்களில் சிக்கல் குறைவு. எதிர்காலத்துக்கு 'வோன்ட் ஹேவ் டு', 'வோன்ட் நீட் டு'. இன்றுவரை தேவை வரவில்லை என்பதற்கு 'ஹேவ் நெவர் ஹேட் டு'. பழைய பிரிட்டிஷ் நூல்களில் 'ஹேட் நாட் டு' போன்ற வடிவங்கள் கண்ணில் படும்; அவை இன்று வழக்கொழிந்தவை.

இனி தமிழ். நம் மாணவரின் சிக்கல் ஆங்கிலத்தில் மட்டும் இல்லை; 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லிலும் இருக்கிறது. 'நாளைக்கு நீ வர வேண்டாம்' என்றால் 'வராதே' என்றும் கொள்ளலாம், 'வரத் தேவையில்லை' என்றும் கொள்ளலாம். கோபத்தில் இருக்கும் முதலாளி சொன்னால் முதல் பொருள். பேறுகாலம் நெருங்கிய ஊழியரிடம் அக்கறையோடு மேலாளர் சொன்னால் இரண்டாம் பொருள். குரலும் முகமும் அங்கே பொருளைப் பிரித்துவிடுகின்றன. எழுத்தில் அவை இல்லை. 'மஸ்ட்'டுக்கு 'வேண்டும்' என்று மனப்பாடம் செய்த மாணவர் 'மஸ்ட் நாட்'டுக்கு 'வேண்டாம்' என்று எழுதும்போது, இரண்டு பொருளும் கொண்ட ஒரு சொல்லை ஒரே பொருள் கொண்ட சொல்லோடு பொருத்துகிறார். பிறகு 'வர வேண்டாம், தேவையில்லை' என்று சொல்ல நினைத்து 'யூ மஸ்ட் நாட் கம்' என்று எழுதிவிடுகிறார். பெறுபவருக்கு அது தடையுத்தரவாகப் போய்ச் சேர்கிறது.

ஆனால் இதே தமிழ், வேறுபாடு வேண்டும் என்று நினைத்த இடத்தில் ஆங்கிலத்தைவிடத் துல்லியமாகப் பேசுகிறது. வரக் கூடாது, வர வேண்டியதில்லை என்று இரண்டு தனி வடிவங்கள் நம்மிடம் உண்டு. இறந்தகாலத்தில் 'போக வேண்டி வரவில்லை' என்றால் போகவில்லை என்பது தெளிவு. 'போயிருக்க வேண்டியதில்லை' என்றால் போய்விட்டார், அது வீண் என்பது தெளிவு. 'போயிருக்கக் கூடாது' என்றால் போனதே தவறு. பள்ளிக்குப் போகாத பாட்டியும் இந்த மூன்றையும் மாற்றிச் சொல்லமாட்டார். ஆங்கில நூல்கள் அட்டவணை போட்டு விளக்கும் வேறுபாடு தமிழ்க் குழந்தையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, மொழியே இல்லாத மூளைக்குக் கற்பிப்பதுபோல 'மோடல்ஸ்' பாடத்தை நடத்துகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் 'மஸ்ட்', 'மஸ்ட் நாட்' இரண்டையும் உடன்பாடு, எதிர்மறை என்று அடுத்தடுத்து எழுதாதீர்கள். 'மஸ்ட் நாட்'டுக்கு நேரே 'கூடாது' என்று எழுதுங்கள். 'டோன்ட் ஹேவ் டு', 'நீட் நாட்' இரண்டுக்கும் நேரே 'வேண்டியதில்லை' என்று எழுதுங்கள். 'டிட்ன்ட் ஹேவ் டு'வுக்கு 'வேண்டியிருக்கவில்லை', 'நீட் நாட் ஹேவ்'வுக்கு 'செய்திருக்க வேண்டியதில்லை'. 'வேண்டாம்' என்ற சொல்லை அந்தப் பாடம் முடியும்வரை பலகையில் எழுதாதீர்கள். மாணவர் தாமாக அதைச் சொன்னால், எந்த 'வேண்டாம்' என்று அவரிடமே கேளுங்கள். தடையா, விலக்கா என்பதை அவர் சொன்ன பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.